உயிரியற் பொறியியலும் கடல் கடந்த கல்வியும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்) மாணவி



எங்கள் வீடு கைத்தறி நெசவாளர் வீடு. அவ்வீட்டிலிருந்து கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையாருக்குச் சிறுநீரகங்கள் பழுதுபட்டுவிட்டன. வாரம் இருமுறை அரசு மருத்துவமனையில் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு நடைபெறுகிறது. சனிக்கிழமைகளில் உடன் செல்பவள் நான்.

அந்த இயந்திரத்தின் பக்கத்தில் கண்ணாடி போன்ற உருளை ஒன்று தொங்கும். அதனுள் வெள்ளை இழைகள் கத்தையாகத் தெரியும். முதல் நாள் அதைப் பார்த்த தந்தையார், “ஏங்கண்ணு, பாவு நூலாட்டம் இருக்குதே, இது என்ன?” என்று கேட்டார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பிறகு படித்தறிந்தேன்.

அவை நூல்கள் அல்ல. உள்ளே துளையுடைய ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள். குழாய்களுக்குள் இரத்தம் ஒரு திசையில் ஓடுகிறது. வெளியே ஒரு கரைசல் எதிர்த்திசையில் ஓடுகிறது. செறிவு மிகுந்த இரத்தத்திலிருந்து யூரியா குழாய்ச்சுவரைக் கடந்து கரைசலுக்குச் செல்கிறது. இரத்த அணுக்கள் அளவில் பெரியவை. ஆகவே உள்ளேயே தங்கிவிடுகின்றன. எதிர்த்திசையில் ஓட்டுவது ஏன்? குழாயின் நீளம் முழுவதும் செறிவு வேறுபாடு நீடிப்பதற்காகவே. நம் பாடத்தில் வரும் விரவல் என்னும் நிகழ்ச்சிதான் என் தந்தையாரின் உயிரைக் காத்து வருகிறது!

உயிருள்ள உடலின் செயல்களைக் கணக்காலும் இயற்பியலாலும் ஆராய்ந்து, அதற்கு உதவும் கருவிகளையும் பொருள்களையும் உருவாக்கும் துறையே உயிரியற் பொறியியல். செயற்கை இதய வால்வு, செயற்கை மூட்டு ஆகியனவும் இத்துறையின் படைப்புகளே.

கடல் கடந்த ஒரு மாணவர்

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் ஒய்.சி. ஃபங். 1919இல் சீனாவில் பிறந்த இவர், 1946இல் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்திற்கு மாணவராகச் சென்று 1948இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் பயின்றது மருத்துவம் அன்று, வானூர்திப் பொறியியல்! 1950களின் இறுதியில் ஆய்வின் பொருட்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் தங்கியிருந்தபோது, சீனாவிலிருந்த அவர் தாயாரைக் கண் அழுத்த நோய் தாக்கியது. ஃபங் நூலகத்தில் மருத்துவக் கட்டுரைகளைத் தேடிப் படித்து, மொழிபெயர்த்து, தாயாரின் மருத்துவருக்கு அனுப்பினார். அந்தப் படிப்பே அவரை உடலின் இயக்கவியல் பக்கம் திருப்பியது. 1966இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உயிரியற் பொறியியல் கல்வியைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். தமனியின் வளையம் ஒன்றை வெட்டினால் அது தானே விரிகிறது. அதாவது, இரத்த அழுத்தம் இல்லாதபோதும் அதன் சுவரில் தகைவு எஞ்சியுள்ளது. இதை ஆராய்ந்து விளக்கியவர்களுள் ஃபங் முக்கியமானவர். தகைவும் திரிபும் நம் ஆய்வகத்தில் நாம் அளந்து பார்ப்பவைதாமே?

நாம் அறிய வேண்டியவை

ஆர்வம் மட்டும் போதாது. நம் பட்டம் மூன்றாண்டுப் பட்டம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் நான்காண்டுப் படிப்பைக் கேட்கின்றன. ஜெர்மனியில் மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கும் இடங்கள் உண்டு. ஆயினும் கணிதமும் பொறியியல் பாடங்களும் எத்தனை படித்தோம் என்று எண்ணிப் பார்ப்பார்கள். அங்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவரிடம் பருவத்திற்கு 1,500 யூரோ பெறுகிறது.

கட்டணம் இல்லை என்பதால் செலவும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மாணவர் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்னதாகவே வங்கிக் கணக்கில் முடக்கிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. நம் கணக்கில் பத்து இலட்சம் ரூபாய்க்கும் மேல். அது நம் பணமே; மாதந்தோறும் 992 யூரோ வீதம் நமக்கே திரும்பக் கிடைக்கும். ஆனால் முதலில் அதைத் திரட்ட வேண்டுமே! எங்கள் தறி எத்தனை ஆண்டு ஓடினாலும் அத்தொகை சேராது. எனவே உதவித்தொகை கிடைத்தாலன்றி நான் செல்ல இயலாது. முதலில் இங்கேயே எம்.எஸ்சி. முடித்து, ஐந்தாண்டுக் கல்வியோடு விண்ணப்பிப்பதே எனக்கு உகந்த வழி என்று முடிவு செய்துள்ளேன்.

நான் சென்றுவிட்டால் சனிக்கிழமைகளில் தந்தையாருடன் செல்வது யார்? தயங்கித் தயங்கி அவரிடமே கேட்டேன். அவர் அந்த உருளையைப் பார்த்தபடி, “இந்த நாலு மணி நேரத்தை ரெண்டாக் குறைக்க முடியுமான்னு படிச்சிட்டு வா கண்ணு” என்றார்.

நண்பர்களே! கடல் கடந்த கல்விக்கான முதற்படி இக்கல்லூரி ஆய்வகத்திலேயே இருக்கிறது. இன்று நாம் எழுதும் பதிவேட்டை மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதாமல், பொருளறிந்து எழுதுவோமாக!