தோர்தோன் கரையில் கிராமமும் காடும்: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிரான்ஸ் என்றால் பாரிஸ், ஈஃபில் கோபுரம், லூவ்ர் அருங்காட்சியகம், நேரம் மிஞ்சினால் வெர்சாய் அரண்மனை. பெரும்பாலான பயணத் திட்டங்கள் இதோடு முடிந்துவிடுகின்றன. நாட்டுப்புறத்தையும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இன்னொரு தப்பு செய்கிறார்கள்: 'அழகான கிராமங்கள்' பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நாளில் ஐந்து ஊர், ஊருக்கு அரைமணி என்று காரில் பறக்கிறார்கள். மூன்றாவது ஊரிலேயே எல்லாக் கல்வீடுகளும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும்.

இந்த வழிகாட்டி சொல்லும் முறை வேறு. ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே உள்ள காட்டையும் நடந்து பாருங்கள். ஊரின் கதையில் பாதி அந்தக் காட்டுக்குள்தான் கிடக்கிறது.

முதல் படி: ஒரே பள்ளத்தாக்கு போதும்

முதல்முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை தென்மேற்கு பிரான்சின் தோர்தோன் மாவட்டம். அதிலும் கருப்புப் பெரிகோர் என்று அழைக்கப்படும் தென்கிழக்கு மூலை. தோர்தோன், வெசேர் என்ற இரண்டு ஆறுகள் ஓடும் சுண்ணாம்புக்கல் பூமி. மாவட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய பாதி காடு. நூறாண்டுப் போரில் ஆங்கிலேயர் பக்கமும் பிரெஞ்சுக்காரர் பக்கமும் மாறி மாறி நின்ற கோட்டைகள் ஆற்றின் இரு கரையிலும் இன்னும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. வடகரையில் பெய்னாக், தென்கரையில் காஸ்தெல்நோ.

'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' என்ற சங்கம் 1982இல் தொடங்கியது. கொலோஞ்-லா-ரூழ் என்ற ஊரின் மேயர் ஷார்ல் செராக் தொடங்கி வைத்தது. 2,000 பேருக்கு மேல் குடியிருக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமோ இடமோ குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படை விதிகள். தொம், லா ரோக் கஜாக், பெய்னாக், காஸ்தெல்நோ நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, நான்கும் நடக்கும் தூரத்தில். பட்டியலின் பயன் அவ்வளவுதான்; அதில் இல்லாத ஊர்களிலும் நல்ல தேவாலயமும் நல்ல ரொட்டிக்கடையும் உண்டு.

இரண்டாம் படி: எப்போது போவது

மே, ஜூன், இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபர். ஜூலையிலும் ஆகஸ்டிலும் பிரான்சே விடுமுறையில் இருக்கும். தெருவில் நடக்க இடமிருக்காது, அறை வாடகையும் ஏறிவிடும். குளிர்காலத்தில் பாதிக் கடைகளும் விடுதிகளும் சாத்திக் கிடக்கும்.

எனக்குப் பிடித்தது அக்டோபர். வால்நட் அறுவடை, கஷ்கொட்டை உதிரும் காலம், காட்டில் செவ்விலை. செப்டம்பர் நடுவிலிருந்து சில வாரங்கள் ஆண் மான்கள் அந்தி நேரத்தில் கரகரத்த குரலில் கத்துவதைக் கேட்கலாம். ஒரே ஒரு சங்கடம், வேட்டைக்காலமும் அப்போதுதான் தொடங்குகிறது. அதைப் பற்றிப் பின்னால்.

மூன்றாம் படி: போய்ச் சேர்வது, தங்குவது

இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். 180 நாளில் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள்.

பாரிஸிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து வட்டார ரயிலில் சார்லா. இந்த இரண்டாவது ரயில் மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும், ஆனால் நாளுக்குச் சில வண்டிகள்தான். அதன் நேரத்தைப் பார்த்துவிட்டு அதிவேக ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள், தலைகீழாக அல்ல.

கார் இருந்தால் வசதி. சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊர் உரிமத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும். பழகாதது இன்னொன்று: பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. சின்னச் சந்திலிருந்து வரும் டிராக்டர் நிற்காமல் உங்கள் முன் திரும்பினால் அது ஓட்டுகிறவரின் உரிமை.

தங்குவதற்கு சார்லா நகரமே நல்ல தளம். கூட்டம் பிடிக்காதவர்கள் ஆற்றோரம் தொம்முக்குக் கீழே உள்ள செனாக்கில் தங்கலாம்.

நான்காம் படி: ஊரைப் படிப்பது

வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து நுழையுங்கள். நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். பழைய கூரைகள் ஓடு அல்ல, லோஸ் எனப்படும் சுண்ணாம்புக்கல் பலகைகள். ஆணியில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. ஒரு சதுர மீட்டருக்கு அரை டன் அளவுக்குக் கனக்கும். அந்தப் பாரத்தைத் தாங்கத்தான் கூரை அவ்வளவு செங்குத்தாக எழுகிறது, அதற்குக் கீழே கனத்த மரச்சட்டங்கள் நிற்கின்றன. மரம் எங்கிருந்து வந்தது? பக்கத்துக் காட்டிலிருந்து. ஊரில் நின்றுகொண்டு காட்டைப் பார்க்கும் முதல் இடம் இந்தக் கூரைதான்.

சார்லாவை ஊர் என்பதைவிடச் சிறு நகரம் என்பதே சரி. ஆந்த்ரே மால்ரோ பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது 1962இல் கொண்டுவந்த சட்டம், தனித்தனிக் கட்டடங்களாக இல்லாமல் பழைய நகரப் பகுதிகளை முழுசாகக் காப்பாற்ற வழி செய்தது. அதன் பலனை முதலில் அனுபவித்த ஊர்களில் சார்லா ஒன்று. எழுத்தாளர் எத்தியேன் த லா போயேசி 1530இல் பிறந்த ஊரும் இதுவே; அவருடைய குடும்ப வீட்டின் செதுக்கு வேலை செய்த சன்னல்கள் பேராலயத்துக்கு எதிரேயே இருக்கின்றன. புதன், சனி சந்தை நாள். கூட்டம் கழுத்தை நெரித்தால் 19ஆம் நூற்றாண்டில் நேராக வெட்டப்பட்ட பெரிய தெருவைத் தாண்டி மேற்குப் பக்கம் போய்விடுங்கள். அதே காலத்து வீடுகள், பத்தில் ஒரு பங்கு ஆள்.

தொம் வேறு வகை. பிரெஞ்சு மன்னர் மூன்றாம் பிலிப் 1281இல் மலைமுகட்டில் திட்டமிட்டுக் கட்டிய பாதுகாப்பு ஊர். 1307இல் டெம்ப்ளர் எனும் கிறித்தவத் துறவுச் சபை வீரர்கள் நாடு முழுக்கக் கைதானபோது சிலரை இதன் கோட்டை வாயில் கோபுரத்தில் அடைத்தார்கள். சுவரில் கீறிய சிலுவைகளும் உருவங்களும் அவர்களுடையவை என்று சொல்கிறார்கள். செங்குத்துப் பாறை இருக்கிற பக்கம் யாரும் ஏறி வர முடியாதென்று மதில் கட்டாமல் விட்டார்கள். 1588இல் புராட்டஸ்டண்டு தளபதி ஜோஃப்ருவா த விவான் ஆட்களோடு அந்தப் பாறை வழியாகவே இரவில் ஏறி ஊரைப் பிடித்தார். இப்போது அதே விளிம்பில் சுவரோரம் நின்றுதான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள்.

ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் மோன்பசியே. இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு 1284இல் நிறுவியது. 400 மீட்டருக்கு 220 மீட்டர் செவ்வகம், குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள், நடுவே வளைவுத் தாழ்வாரங்கள் சூழ்ந்த சதுக்கம். அங்கே வீடுகளுக்கு நடுவில் குனிந்து பாருங்கள்: ஒரு ஆள் பக்கவாட்டில்கூட நுழைய முடியாத, ஒரு சாண் சொச்ச அகலமுள்ள இடைவெளி. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்க விட்டது. கழிவுநீரும் அதிலேயே ஓடியது. சந்தைக் கூடத்தின் மரத்தூண்களுக்குக் கீழே தானியம் அளந்த பழைய அளவைகள் இன்னும் இருக்கின்றன.

எந்த ஊரிலும் தேவாலயத்தையோ சதுக்கத்தையோ ஒட்டி ஒரு நடுகல் இருக்கும். 1914-1918 போரில் செத்தவர்களின் பெயர்ப்பட்டியல். இன்று நூற்றுச் சொச்சம் பேர் வசிக்கும் ஊரில் அந்தப் பட்டியல் எவ்வளவு நீளம், ஒரே குடும்பப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். சாத்திக் கிடக்கும் வீடுகளுக்கு ஒரு காரணம் அங்கேயே எழுதியிருக்கிறது.

ஐந்தாம் படி: காட்டுக்குள் நடப்பது

பாதைக் குறிகளைக் கற்றுக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். வெள்ளைக்கோட்டின் கீழ் சிவப்புக்கோடு என்றால் ஜி.ஆர். எனப்படும் நெடுந்தொலைவுப் பாதை. லேசெசியிலிருந்து தொம் வழியாக ரோக்கமதூர் போகும் 64ஆம் எண் பாதை இந்தப் பகுதியினுடையது. மஞ்சள் கோடு என்றால் ஊர்ச் சுற்றுப் பாதை, புதியவர்களுக்கு ஏற்றது. பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள், வழி அதுவல்ல. பத்து நிமிடம் நடந்தும் குறி எதுவும் கண்ணில் படவில்லையென்றால் கடைசியாகப் பார்த்த குறிவரை திரும்பி வந்துவிடுவதே நல்லது. ஐ.ஜி.என். நிறுவனத்தின் 1:25,000 வரைபடம் ஒன்று பையில் இருக்கட்டும்; பள்ளங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது.

இங்கே பார்க்கும் காடு ஆதிவனம் கிடையாது. ஒரே அடிக்கட்டையிலிருந்து ஐந்தாறு தண்டுகளாகக் கிளம்பி நிற்கும் கஷ்கொட்டை மரங்களைக் கவனியுங்கள். தரையோடு வெட்டி, மறுபடி தழையவிட்டு, பீப்பாய் வளையத்துக்கும் வேலிக்கும் அடுப்புக்கரிக்கும் மீண்டும் வெட்டிய மரங்கள். கோதுமை விளையாத பூமியில் ஏழைகள் குளிர்காலம் முழுக்க இதன் கொட்டையைத் தின்றுதான் பிழைத்தார்கள்.

இன்னும் உள்ளே போனால் ஓக் மரங்களுக்கு நடுவே பாசி படிந்த கற்சுவர் ஒன்று சரிவின் குறுக்கே ஓடும். காட்டுக்குள் யார் சுவர் கட்டினார்கள்? அது திராட்சைத் தோட்டம். 1870களில் ஃபிலாக்செரா என்ற சிறு பூச்சி வேரைத் தின்று கொடிகளை அழித்தது. சரிவுகளைக் கைவிட்டுப் பலர் ஊரைவிட்டே போனார்கள்; அங்கே தானாக முளைத்ததுதான் நீங்கள் நிற்கும் ஓக் காடு. மேலே ஊருக்கு எழுநூறு வயது, கீழே காட்டுக்கு நூற்றைம்பது. தொம் பக்கத்தில் 1990களில் சிலர் சேர்ந்து திராட்சையை மறுபடி நட்டார்கள்.

வயலில் பொறுக்கிய கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டிய கூம்புக் குடிசைகளும் அங்கங்கே தென்படும். ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் சார்லாவுக்குப் பக்கத்தில் கபான் த்யு ப்ரெய் போகலாம்.

எச்சரிக்கைகள் சில. இந்தக் காடுகள் ஏறத்தாழ முழுவதும் தனியார் சொத்து; பாதையை விட்டு இறங்காதீர்கள், காளானோ கொட்டையோ நிலத்துக்காரருக்குச் சொந்தம். செப்டம்பர் முதல் பிப்ரவரி கடைசி வரை வேட்டை நடக்கும். பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது சிவப்பு உடை போடுங்கள். வேட்டை நடப்பதாகப் பலகை வைத்திருந்தால் வேறு பாதை பாருங்கள். புல்லில் நடந்த நாளில் இரவு உண்ணி கடித்திருக்கிறதா என்று கால், இடுக்கு, முட்டி மடிப்பு எல்லாம் பாருங்கள். லைம் நோய் அதன் வழியாகத்தான் வரும். தீ மூட்டவே கூடாது. அவசரத்துக்கு 112.

ஆறாம் படி: வயிற்றுப்பாடு

கடைக்குள் நுழைந்ததும் 'பொன்ஜூர்' சொல்லுங்கள். சொல்லாமல் நேராக விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. பிரெஞ்சுக்காரர்கள் முசுடு என்று ஊர் திரும்பிச் சொல்பவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு சொல்லை விழுங்கியவர்கள். மதியச் சாப்பாடு 12 மணியிலிருந்து 2 வரை. இரண்டரைக்குப் போய்ப் பசிக்கிறது என்றால் ஒன்றும் கிடைக்காது. ஞாயிறு மதியமும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும்.

சைவர்களுக்கு ஒரு முக்கியச் செய்தி: இது வாத்து நாடு. அப்பாவியாகத் தெரியும் சார்லா உருளைக்கிழங்கு வறுவல்கூட வாத்துக் கொழுப்பில் பொரித்தது. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சந்தையில் ரொட்டி, கபேக்கு என்ற சிறு வட்ட ஆட்டுப்பால் சீஸ், வால்நட், பழம் வாங்கிக்கொண்டால் காட்டில் மதிய உணவு முடிந்தது. காரம் இல்லாமல் நாக்கு செத்துப்போகும் என்பவர்கள் பாரிஸில் லா சப்பல் தமிழ்க் கடைகளிலேயே ஊறுகாய் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

ஏழாம் படி: ஒரு குகையாவது

வெசேர் பள்ளத்தாக்குவரை வந்துவிட்டு ஓவியக் குகை பார்க்காமல் திரும்பக் கூடாது. 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் கண்டுபிடித்த லாஸ்கோ, பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் பாழாவதைக் கண்டு 1963இல் மூடப்பட்டது. இப்போது பார்ப்பது 2016இல் திறந்த முழு அளவு நகல். அசலே வேண்டும் என்றால் லேசெசியில் ஃபோன் த கோம். பல வண்ண ஓவியங்களை இன்னும் நேரில் காட்டுகிறார்கள். நாளுக்கு மிகச் சிலரையே விடுவதால் விமானச் சீட்டோடு சேர்த்து இதையும் பதிவு செய்துவிடுங்கள். உள்ளே கோடையிலும் குளிரும், ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

எட்டாம் படி: முதல் நடை

தொம்மில் தொடங்கி லா ரோக் கஜாக், பெய்னாக். ஊருக்கு ஊர் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். காலை 9 மணிக்குத் தொம்மிலிருந்து இறங்கினால் மதியத்துக்குள் லா ரோக் கஜாக். பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒற்றை வரிசையாக ஒட்டியிருக்கும் ஊர்; 1957இல் பாறை பிளந்து விழுந்து வீடுகளை நசுக்கியதால் இன்று மேலே வலையும் இரும்புப் பிடிப்பும் போட்டிருக்கிறார்கள். அங்கே சாப்பிட்டுவிட்டு, கால் வலித்தால் கபார் எனும் தட்டையடிப் படகில் ஒரு சுற்று போகலாம். தெம்பிருந்தால் பெய்னாக்குக்கு நடையைக் கட்டி, கோட்டைக்கு ஏறும் கல்பாவிய சந்துக்கு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். நாளின் கடினமான ஏற்றம் அதுதான். ரப்பர் அடி நல்லதாக உள்ள காலணி வேண்டும், மழை பெய்தால் அந்தக் கற்கள் வழுக்கும். திரும்பி வர வாடகைக் காரைக் காலையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள், மாலையில் பேருந்தை நம்ப முடியாது.