தோட்டத்துப் பட்டறைக்கு உறுதியான மேஜைப் பலகை

சேலம், நாமக்கல் சமவெளியில் கலப்பை, களைக்கொத்து முதலியவற்றைத் தோட்டத்திலேயே பழுது பார்க்க, அடித்தாலும் ஆடாத மேஜை தேவை. வரப்பில் வளர்ந்த வேம்பு அல்லது கருவேல மரமே இதற்குப் போதும்.

வைரம் பாய்ந்த பகுதியை 2 அங்குலக் கனத்தில் அறுத்து, வெட்டு முனைகளில் தார் பூச வேண்டும். இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்கி உலர்த்த வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. பச்சை மரத்தில் செய்தால் கோடையில் பலகை வெடித்துவிடும். மரமும் கூலியும் வீண்.

உலர்ந்த பலகையும் ஐப்பசி மழையில் அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். ஆகவே சட்டத்துடன் பிணைக்கும்போது நடு போல்ட்டை இறுக்கி, ஓரத் துளைகளை அகலவாக்கில் சற்று நீட்டி விடவேண்டும். கால்களைக் கருங்கல் மேல் நிறுத்தினால் கரையான் ஏறுவது உடனே கண்ணில் படும். வைஸைக் காலுக்கு நேர் மேலே பொருத்தினால் பலகை அதிராது.