தயக்கம் வந்தால் வரட்டும், பேச்சு நிற்க வேண்டாம்!

தங்கச்சி, படிப்பை முடித்துவிட்டு வேலைக்காகப் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறப் போகிறாய். இல்லையென்றால் சங்கரன்கோவிலிலேயே இருந்து விசைத்தறிச் சேலைக்கு வெளிமாநில ஆர்டர் பிடிக்கப் போகிறாய். எதுவானாலும் ஆங்கிலத்தில் போன் பேசியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் ஆங்கிலம் படித்திருக்கிறாய், கட்டுரை எழுதுவாய், இலக்கணமும் தெரியும். ஆனால் எதிராளி கடகடவென்று பேசியதும் வாய் அடைத்துப்போகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது இரண்டு இடங்களில். ஒன்று, யோசிக்கும் நேரத்தில் சொல்லும் சின்னச் சொற்கள். இன்னொன்று, இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்து தனிப்பொருள் தரும் ஃப்ரேசல் வெர்ப். இரண்டையும் தமிழில் நீ நாள் முழுக்கச் செய்துகொண்டுதான் இருக்கிறாய். அந்த தைரியத்தோடு மேலே படி.

1. யோசிப்பதற்கு வெட்கப்படாதே

தமிழில் பேசும்போது “அது வந்து…”, “இப்ப என்னன்னா…” என்று இழுக்கிறோம். யாரும் நம்மைக் குறைவாக நினைப்பதில்லை. ஆங்கிலேயர்களும் அப்படித்தான் “அ…”, “அம்…” என்று இழுப்பார்கள். ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2002-இல் இதைப் பற்றி எழுதினார்கள். சின்ன இடைவெளி வரப்போகிறது என்றால் “அ”, கொஞ்சம் நீளமான இடைவெளி என்றால் “அம்” என்று பேசுபவர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார் என்பது அவர்கள் முடிவு. அதாவது, “நான் இன்னும் முடிக்கவில்லை, இரு” என்று கேட்பவருக்குக் கொடுக்கும் தகவல் அது. போனில் நீ சத்தமே இல்லாமல் யோசித்தால் எதிர்முனையில் “ஹலோ, ஹலோ” என்பார்கள். பதற்றம் இன்னும் கூடும். அதனால் ஏதாவது ஒரு சொல்லைப் போட்டுக்கொண்டு யோசி.

2. இடத்துக்கு ஏற்ற சொல்லை எடு

- பதிலை யோசிக்க: “வெல்…”, “லெட் மி ஸீ…”, “லெட் மி திங்க்…”
- சொன்னதைத் திருத்த: “ஐ மீன்…”
- சொல் மறந்துபோனால்: “வாட் டு யூ கால் இட்…”
- காதில் விழாவிட்டால்: “ஸாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?”
- காத்திருக்கச் சொல்ல: தோழியிடம் “ஹேங் ஆன்”, மேலாளரிடமும் வாடிக்கையாளரிடமும் “ஒன் மொமென்ட், ப்ளீஸ்”.

நேர்முகத் தேர்வில் கடினமான கேள்வி வந்தால் “லெட் மி திங்க் அபௌட் தட் ஃபார் எ மொமென்ட்” என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு எடு. கேட்பவர் உன்னை நிதானமான பெண் என்றுதான் நினைப்பார்.

3. அளவு மீறாதே

ஒவ்வொரு வாக்கியத்தையும் “ஆக்சுவலி”, “பேசிக்கலி” என்று தொடங்குவது நம் பக்கத்தில் பழக்கமாகிவிட்டது. இரண்டையும் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வை. “யூ நோ”, “லைக்” இரண்டும் தோழிகளோடு பேசும்போது சரி, அலுவலகத்தில் குறைத்துக்கொள். ஆங்கிலத்துக்கு நடுவே “வந்து…” எட்டிப்பார்க்கும். அந்த இடத்தில் “வெல்” போட்டுப் பழகு. முக்கியமாக, “ப்ச்” கொட்டாதே. நம் வீட்டில் அது “இல்லை” என்றோ “பாவம்” என்றோ பொருள்படும். வெளிநாட்டுக்காரர் காதில் அது எரிச்சலாக விழும்.

4. தமிழ் வழியாக ஃப்ரேசல் வெர்பைப் பிடி

“குழந்தையைப் பார்” என்பது வேறு, “குழந்தையைப் பார்த்துக்கோ” என்பது வேறு. ஒட்டிக்கொண்ட சொல் பொருளையே மாற்றிவிட்டது. “லுக்” வேறு, “லுக் ஆஃப்டர்” வேறு என்பதும் இதே கதைதான். “லுக் ஃபார்” என்றால் தேடு, “லுக் இன்டு” என்றால் விசாரி. இதில் குழம்புகிறோமே என்று கவலைப்படாதே. 1755-இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, வெளிநாட்டவருக்கு மிகவும் சிரமம் தருவது இந்த வகைச் சொற்சேர்க்கைதான் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. செய்தித்தாளில் “ஒத்திவைப்பு” என்று படிக்கிறோம், வீட்டில் “தள்ளிப்போட்டாங்க” என்கிறோம். ஆங்கிலத்தில் “போஸ்ட்போன்” எழுத்துக்கு, “புட் ஆஃப்” பேச்சுக்கு. “கேன்சல்” என்பதற்கு “கால் ஆஃப்”, “கண்டினியூ” என்பதற்கு “கேரி ஆன்”. நாம் படித்ததெல்லாம் எழுத்து மொழிச் சொற்கள். எதிராளி பேசுவது இந்தக் குட்டிச் சொற்கள். அதனால்தான் தெரிந்த ஆங்கிலமே புரியாத மாதிரி இருக்கிறது.

5. போனுக்கு வேண்டியதை முதலில் கற்றுக்கொள்

புத்தகத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான ஃப்ரேசல் வெர்பையும் மனப்பாடம் செய்யாதே. உன் வேலைக்கு ஆகிறதை எடு. பெங்களூருவிலிருந்து ஒரு சேலைக்கடைக்காரர் கூப்பிடுகிறார் என்று வை:

“வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் த ப்ளூ ஒன்ஸ். வென் கென் வீ பிக் அப் த நெக்ஸ்ட் லாட்?”

நீலச் சேலை தீர்ந்துவிட்டது, அடுத்த சரக்கை எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்கிறார். உனக்கு உடனே தெரியாது. இப்படிச் சொல்லு:

“லெட் மி ஸீ… ஐ வில் ஃபைண்ட் அவுட் அண்ட் கெட் பேக் டு யூ பை ஃபோர்.”

விசாரித்துவிட்டு நாலு மணிக்குள் சொல்கிறேன் என்று ஆகிவிட்டது. யோசிக்க ஒரு சொல், வாக்குக் கொடுக்க இரண்டு ஃப்ரேசல் வெர்ப். சிக்னல் சரியில்லாமல் குரல் விட்டு விட்டுக் கேட்டால் “யூ ஆர் பிரேக்கிங் அப்”, சத்தமாகப் பேசச் சொல்ல “குட் யூ ஸ்பீக் அப், ப்ளீஸ்?”, திரும்பக் கூப்பிடுகிறேன் என்பதற்கு “ஐ வில் கால் யூ பேக்”. இந்தச் சில வாக்கியங்கள் இருந்தாலே பாதி போன் பேசிவிடலாம்.

6. “இட்” நடுவில் உட்காரும்

“பிக் அப் த பார்சல்” சரி, “பிக் த பார்சல் அப்” என்பதும் சரி. ஆனால் “இட்” வந்தால் “பிக் இட் அப்” மட்டுமே. “பிக் அப் இட்” என்று யாரும் சொல்வதில்லை. “லுக் ஆஃப்டர்”, “லுக் இன்டு” போன்றவை பிரியாது. அங்கே “லுக் இன்டு இட்” என்றுதான் வரும். உச்சரிப்பையும் கவனி. “கண்”, “அழகு” சேர்ந்து “கண்ணழகு” ஆவது போல, “பிக் இட் அப்” மூன்றும் ஒட்டி “பிக்கிட்டப்” என்று காதில் விழும். அழுத்தம் கடைசிச் சொல்லில்.

7. நம் ஊர் வழக்கை மாற்றிக்கொள்

- “மைசெல்ஃப் கோமதி” வேண்டாம்; “ஐ ஆம் கோமதி” போதும்.
- “ஆஃப் த லைட்” இல்லை, “டர்ன் ஆஃப் த லைட்”.
- “கோப் அப் வித்” என்று சொல்லாதே. “கோப் வித்” சரி.
- “ஐ பாஸ்டு அவுட் இன் 2024” என்றால் இங்கே படிப்பு முடிந்தது என்று பொருள். வெளிநாட்டில் மயங்கி விழுந்ததாக எடுத்துக்கொள்வார்கள். “ஐ கிராஜுவேட்டட் இன் 2024” என்று சொல்லு.

8. தினமும் வாய்விட்டுப் பேசு

செல்போனில் ரெக்கார்டரைப் போட்டு, இன்று நடந்ததை ஒரு நிமிஷம் ஆங்கிலத்தில் சொல்லு. திரும்பக் கேட்டால் எங்கே வாயடைத்தாய், எங்கே “ஆக்சுவலி” அதிகம் என்பது உனக்கே தெரியும். பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் “சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்” என்ற நிகழ்ச்சி இலவசமாகக் கிடைக்கிறது, அதைக் கேள். கிரிக்கெட் பார்க்கிற வீடென்றால் ஆங்கில வர்ணனையை வை. மழை வந்து ஆட்டத்தைக் கைவிட்டால் “கால்டு ஆஃப்” காதில் விழும். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் உன் கல்லூரியில் நடந்தால், ஆங்கிலப் பயிற்சி வகுப்பை விட்டுவிடாதே. வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொண்டு பேசு. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நாலு நாளில் அவர்களும் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

தப்பில்லாமல் பேசக் கற்றுக்கொண்ட பிறகு பேசலாம் என்று காத்திருக்காதே, தங்கச்சி. பேசப் பேசத்தான் தப்பு குறையும். இன்று சாயங்காலமே ஒரு போன் போட்டுப் பேசு.