விதவுட் டீயும் கொள்ளுப் பருப்பும்

சக்கரைக்காரர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் அட்டவணையில் காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளை இருக்கும். வேலம்பாளையத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறவருக்கு அது பத்தாது. காலை எட்டரைக்கு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டரைக்குத்தான் எழுந்திருக்கிறோம். நடுவில் வரும் இரண்டு டீயும் அதோடு வரும் தேங்காய் பன்னும் பஜ்ஜியும் எந்த அட்டவணையிலும் இல்லை. குளுக்கோமீட்டரில் பார்த்தால் எனக்கு மதியச் சோற்றைவிட அந்த டீ நேரம்தான் அதிகம் காட்டியது.

டீக்கடையில் ‘விதவுட்’ என்றால் போதும், சர்க்கரை போடாமல் ஆற்றித் தருவார்கள். கூடவே பன்னைத் தின்றால் விதவுட் எதற்கு? நான் டிபன் டப்பாவில் அவித்த தட்டைப்பயறோ வறுத்த நிலக்கடலையோ கொண்டுபோகிறேன்.

“நாட்டுச்சக்கரை தானுங்க, ஒண்ணும் பண்ணாதுங்க” என்று எங்கள் பக்கம் சொல்லாத ஆளில்லை. பண்ணும். வெள்ளைச் சர்க்கரையானாலும் நாட்டுச்சக்கரையானாலும் ரத்தத்தில் ஏறுவது ஒன்றுபோலத்தான். ராகிக்கும் கம்புக்கும்கூட அளவு உண்டு. நைசாக அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சட்டென்று ஏறிவிடும். அதே ராகியைச் சின்ன உருண்டைக் களியாகக் கீரைக் கடைசலோடு சாப்பிட்டால் எனக்கு அவ்வளவு ஏறுவதில்லை.

நாம் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு. சோற்றை விடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்; எனக்கும் முடியாது. அதனால் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் பொரியல், அப்புறம் கொள்ளுப் பருப்போ முட்டையோ, கடைசியில் சோறு. 2015-இல் நியூயார்க்கில் இப்படி மாவுச்சத்தைக் கடைசியில் கொடுத்துப் பார்த்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை நன்றாகக் குறைந்ததாம். சின்ன ஆய்வுதான். ஆனால் செலவில்லாத வேலை, கொள்ளும் நம் வீட்டில் இருப்பதுதானே.

இத்தனையையும்விட எனக்குப் பெரிய பயம் லோ சுகர். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, ஷிப்மென்ட் அவசரமென்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கி, தையல் கோணி ஓடும். அயர்ன் டேபிளில் நிற்பவருக்கு வேர்த்தால் சூட்டில் வேர்க்கிறது என்றுதான் பக்கத்தில் இருப்பவர் நினைப்பார். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சாப்பாடு. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குக் கூப்பிட வேண்டும். சக்கரை இருப்பதைச் சூப்பர்வைசரிடமும் பக்கத்து மெஷின்காரரிடமும் சொல்லி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கள் லைனிலேயே பலருக்கு இருக்கிறது.

ராத்திரிச் சாப்பாடுதான் இன்னும் சிக்கல். வீடு சேர ஒன்பதாகிவிடும், தின்றதும் கண் சொக்கும். இரண்டு தோசையோடு நிறுத்திக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருகிறேன். சனிக்கிழமை சம்பள நாள், அன்று பரோட்டா வீட்டுக்கே வந்துவிடும். ஒன்று எடுத்துக்கொள்வேன், ஆம்லெட்டை முதலில் முடித்துவிட்டு.