எக்ஸ்ரேயில் தெரியாத வலி

தேக்காவில் கிளைவ் ஸ்திரீட் வழியாக நம்மில் பலர் நடந்திருப்போம். 2008 ஜனவரியில் அந்தத் தெருவைச் சுற்றித்தான் சிங்கப்பூரில் முதன்முதலாக சிக்குன்குனியா உள்ளூரிலேயே பரவியது. அப்போது 13 பேருக்கு நோய் கண்டது. ஆண்டு முடிவதற்குள் தீவு முழுவதும் எண்ணிக்கை 700ஐத் தாண்டியது. பெயரைக் கேட்டுக் கோழியோடு முடிச்சுப் போட வேண்டாம். தான்சானியாவின் மக்கொண்டே மொழியில் அதற்கு 'வளைந்து போவது' என்று பொருள். மூட்டு வலியால் நோயாளி நிமிர முடியாமல் நடப்பதைப் பார்த்து வைத்த பெயர்.

காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். கொசு கொண்டு வந்த கிருமியும் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். ஆனால் சிலருக்கு வலி மட்டும் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட நீடிக்கிறது. நான் சொல்ல வந்தது இந்த மிச்ச வலியைப் பற்றித்தான்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்கிறார்கள். ஜொகூரில் இருக்கும் என் அத்தைக்குப் பல ஆண்டுகளாக முதுகு வலி. "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, அதிகம் யோசிக்காதீர்கள்" என்று ஒரு கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து வீட்டிலும் அத்தையின் வலிக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. கல்யாண வீட்டில் அவர் உட்கார்ந்தால், "வேலைக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டாள்" என்று பேச்சு.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். மூளையில்?

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு தேசிய இடைநிலைப் பள்ளிக்குப் போனவன் நான். அதனால் அறிவியல் சொற்கள் எனக்கு முதலில் மலாயில்தான் வந்தன. 'ராடாங்' என்று மனப்பாடம் செய்த சொல்லுக்குத் தமிழில் 'அழற்சி' என்று பெயர் என்பது பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகே தெரிந்தது. அழல் என்றால் நெருப்பு. காயம்பட்ட இடம் சிவந்து, சுட்டு, வீங்கி, வலிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

மூளையின் அழற்சி என்றதும் மூளைக்காய்ச்சலை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. இது வேறு. நரம்பணுக்களுக்குக் காவலாகவும் துப்புரவுப் பணியாளராகவும் இருக்கும் கிளியா என்னும் அணுக்கள் மூளையில் உண்டு. வலிச்செய்தி ஓயாமல் வந்துகொண்டிருந்தால் அவை விழித்துக்கொண்டு சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அதனால் நரம்புகள் இன்னும் எளிதாகத் தூண்டப்படுகின்றன. விலங்குகளில் முன்பே அறிந்த இதை மனித மூளையில் காட்டியது அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த மார்கோ லோஜியாவின் குழு. அவர்களின் கட்டுரை 2015இல் வெளிவந்தது. விழித்த கிளியாவில் டிஎஸ்பிஓ என்ற புரதம் கூடும். அதில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தை ஊசி மூலம் செலுத்திப் படம் எடுத்தார்கள். நாட்பட்ட முதுகு வலிக்காரர்களின் தலாமஸில் அந்தப் புரதம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. உடலிலிருந்து வரும் வலிச்செய்தி மூளையின் மேற்பகுதிக்குப் போகும் முன் மாறிச் செல்லும் சந்திப்பு நிலையம் அது. நம் டோபி காட் எம்ஆர்டி மாதிரி.

அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு முடிவு. நோயாளிகளுக்குள், டிஎஸ்பிஓ கூடியவர்களுக்கு வலி குறைவாகவும், இரத்தத்தில் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் பொருள் குறைவாகவும் இருந்தன! அப்படியானால் இந்தப் புரதம் தீயை மூட்டுவதா, அணைக்க வருவதா? அணைக்க வருவதாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதினார்கள். ஆகவே 'அழற்சியைக் குறைத்தால் வலி போய்விடும்' என்று கணக்குப் போட்டு மஞ்சள் மாத்திரை விற்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

இந்த இன்டர்லூகின்-6 நம் ஊருக்கும் புதிதல்ல. 2008இல் சிக்குன்குனியா வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த சிங்கப்பூர் ஆய்வாளர்கள், மூட்டு வலி நீடித்தவர்களின் இரத்தத்தில் அது கூடியிருந்ததை 2011இல் எழுதினார்கள். அவர்களின் மூளையைப் படமெடுத்த ஆய்வல்ல அது. ஆகவே இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. ஆனால் 2019இல் லோஜியாவின் குழுவும் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையமும் சேர்ந்து, உடல் முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளின் மூளைப் புறணியிலும் டிஎஸ்பிஓ கூடியிருப்பதைக் காட்டின. எக்ஸ்ரேயில் எதுவுமே சிக்காத நோய் அது.

இந்தப் படத்தை அத்தைக்கு எடுத்துக் காட்ட முடியாது. அந்த ஊசி மருந்திலுள்ள கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும்; பக்கத்திலேயே தயாரித்தாக வேண்டும். ஆய்வுக்கு மட்டுமே பயன்படுகிறது. கிளினிக்கில் இன்றும் சுழியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைத்தான் கேட்கிறார்கள்.

பாட்டியோடு பலதுறை மருந்தகத்துக்கு மொழிபெயர்க்கப் போகும் நண்பர்களே, அங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாட்டி குடைச்சல் என்பார், சுரீர் என்கிறது என்பார், எரிகிறது, மதமதக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது என்பார். நாம் எல்லாவற்றையும் 'பெயின்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எரிச்சலும், மின்சாரம் பாய்வது போன்ற சுரீரும், மதமதப்பும் நரம்பு வலியின் அடையாளங்கள். மருத்துவர் வேறு மருந்து எழுத அவை காரணமாகலாம். அடுத்த முறை அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வரிசை நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.