மின்சாரக் காருக்கு எத்துணைத் தூரம் வேண்டும்?

மின்சாரக் கார் இன்று நேற்றுத் தோன்றிய புதுமையன்று. 1899 ஆம் ஆண்டிலேயே பெல்சிய நாட்டினரான கமீல் யெனாற்சி என்பார் மின்கலங்களால் இயங்கும் காரொன்றில் மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் சென்று காட்டினார். ஆயினும் அடுத்து வந்த பத்தாண்டுகளிற் பெற்றோற் காரே வீதிகளைக் கைப்பற்றியது. அதற்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்று தூரம். ஒருமுறை மின்னேற்றினால் எவ்வளவு தூரம் ஓடும் என்னும் ஐயம் அன்றுபோலவே இன்றும் மக்கள் மனத்தை விட்டகலவில்லை.

2022 ஆம் ஆண்டிற் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற அநுபவம் நம்மவர் பலரை மின்சாரக் காரின்பாற் கருத்துச் செலுத்த வைத்தது. அவர்கள் முதலிற் கேட்கும் வினா, “ஒரே மூச்சிற் கொழும்புக்குப் போகுமா?” என்பதே. இவ்வினா பிழையான இடத்திலிருந்து தொடங்குகின்றது என்பது நம் கருத்து. மின்சாரக் காரின் உறுப்புக்களுள் விலை மிகுந்தது மின்கலவடுக்கு. தூரம் கூடக் கூட அதன் விலையும் எடையும் கூடும். தேவைக்கு மிஞ்சி வாங்குவோர் பயன்படாத பொருளுக்காகக் கடன்படுவர்; குறைய வாங்குவோர் நடுவழியில் நிற்பர். ஆதலின் தூரத்தைக் கணித்தறியும் முறையை ஒழுங்காக ஆராய்வாம்.

முதலில் அறிய வேண்டியது நமது அன்றாடப் பயணம். யாழ்ப்பாண நகரில் வாழும் ஆசிரியர் ஒருவர் பருத்தித்துறையிற் கற்பிக்கின்றார் என வைத்துக்கொள்வோம். போக வர ஏறத்தாழ 70 கிலோமீற்றர். மாலையிற் சந்தைக்கும் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்குமாக மேலும் 20. ஆக, அவருடைய நீண்ட நாளொன்றின் தேவை 90 கிலோமீற்றர். சராசரி நாளையன்றி, வழக்கமாக வரும் நாட்களுள் மிக நீண்டதையே அளவாகக் கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, விளம்பரத் தாளிற் காணப்படும் எண்ணை உள்ளவாறு நம்பலாகாது. 2010 ஆம் ஆண்டு இறுதியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரின் மின்கலவடுக்கு 24 கிலோவாற்று மணி கொள்ளளவுடையது. அக்காரின் தூரம் யப்பானியச் சோதனை முறைப்படி 200 கிலோமீற்றர். அக்கால ஐரோப்பிய முறைப்படி 175. அமெரிக்க முறைப்படி 117. கார் ஒன்றே, அளவுகோல்தான் வேறு. நம் நாட்டுக்கு 2015 ஆம் ஆண்டையொட்டிப் பழைய லீஃப் கார்கள் பல வந்திறங்கின. 200 என்ற எண்ணை நம்பியவர்க்கும் 117 என்ற எண்ணை அறிந்திருந்தவர்க்கும் அக்கார் ஒரேவிதமாகத் தோன்றியிராது. ஆகவே, எண்ணைக் கேட்குமுன் எம்முறைப்படி அளந்த எண் என்று கேட்டல் வேண்டும்.

மூன்றாவது, கழிவுகள். மின்கலவடுக்குகளுட் பலவகை, அன்றாட வழக்கில் நூற்றுக்கு 80 க்கும் 20 க்கும் இடையில் வைத்திருப்பின் நீடித்துழைக்கும். எனவே பயன்படுவது 60 பங்கு. 90 கிலோமீற்றருக்கு 150 வேண்டும். ஆண்டுகள் செல்லக் கொள்ளளவு குறையும். வெப்பம் அதனை விரைவுபடுத்தும். முற்கூறிய லீஃப் காரின் மின்கலவடுக்கைக் குளிர்விக்கத் தனிப்பொறி இல்லை என்பதை நம்போன்ற வெப்ப நாட்டார் நினைவிற் கொள்ளல் நன்று. முதுமைக்காக ஐந்திலொரு பங்கு கழிப்பின் 150 என்பது ஏறத்தாழ 190 ஆகும். குளிரூட்டி, மழை, வேகம் ஆகியவற்றுக்குப் பத்திலொரு பங்கு கழிப்பின் 210 ஆகும். ஆகவே நம் ஆசிரியருக்கு, புதிதாயிருக்கையில் உண்மையான வீதியில் 210 கிலோமீற்றர் ஓடவல்ல கார் போதும்.

நான்காவது, வீட்டில் எவ்வளவு மின்னேற்றலாம்? 230 உவோற்று மின்சாரத்தில் 10 அம்பியர் எடுப்பின் 2.3 கிலோவாற்று. இழப்புப் போக 2 எனக் கொள்வோம். இரவு 10 மணித்தியாலத்தில் 20 கிலோவாற்று மணி சேரும். சிறிய காரொன்று 1 கிலோவாற்று மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர் ஓடும்; ஆகவே ஓரிரவில் 120 கிலோமீற்றர். ஆசிரியரின் 90 க்கு இது தாராளம். வீட்டு மின்கம்பிகள் அவ்வளவு நேரம் அச்சுமையைத் தாங்குமா என்பதை மட்டும் மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு முன்னரே பார்ப்பித்தல் வேண்டும்.

மின்வெட்டு வந்தால்? 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. மேற்படி கார் முதுமையடைந்த பின்னரும், 90 கிலோமீற்றர் ஓடி வீடு வந்தபோது இன்னும் 30 கிலோமீற்றருக்கு மின் இருக்கும். மறுநாட் பாடசாலைப் பயணத்துக்கு மேலும் 40 வேண்டும். அதற்கு நாலு மணித்தியால மின்னேற்றம் போதும். இவ்வாறு நெருக்கடி நாளையும் வைத்துச் சோதித்தாலன்றிக் கணக்கு முற்றுப்பெறாது.

இனிக் கொழும்புப் பயணம். தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எங்கும் நில்லாது செல்ல வேண்டுமாயின், பத்திலொரு பங்கை இருப்பில் வைத்து, முன்போல முதுமைக்கும் குளிரூட்டிக்கும் கழித்தால், புதிய காருக்கு 600 க்கு மேல் வேண்டும். நடுவழியில் அநுராதபுரத்தில் ஒருமுறை நின்று வேக மின்னேற்றஞ் செய்யின் ஏறத்தாழ 300 போதும். 400 கிலோமீற்றர் காரோட்டுபவர் எவரும் இடையில் உண்ணவும் இளைப்பாறவும் நிற்பவரே. காரும் அவ்வேளையில் உண்ணட்டும். ஆனால் மின்னேற்றும் நிலையம் இயங்குகின்றதா, நம் காரின் செருகி அதற்குப் பொருந்துமா என்பவற்றைப் புறப்படுமுன் விசாரித்தறிதல் இன்றியமையாதது.

ஆகவே மாதந்தோறும் கொழும்பு செல்பவர் 300 ஐ நாடுவது முறை. ஆண்டுக்கு இருமுறை செல்பவர் அதற்காக எஞ்சிய முந்நூற்று அறுபது நாளும் பெரிய மின்கலவடுக்கைச் சுமந்து திரிய வேண்டுவதில்லை. 60 கிலோவாற்று மணி மின்கலவடுக்கு ஏறத்தாழ 400 கிலோகிராம் எடையுள்ளது. அவ்விரு பயணத்துக்கும் வாடகைக் காரோ பேருந்தோ உதவும். இரவில் அழைக்கப்படும் வைத்தியருக்கும், தூரத்து ஊரிற் பிணியாளரான பெற்றோரை உடையவருக்கும் கணக்கு வேறாகும். அவர்கள் இருப்பைக் கூட்டிக்கொள்வது ஆடம்பரமன்று, கடமையே.

கடல் கடந்து வாழும் பழைய மாணவருட் சிலர் ஊரிலுள்ள பெற்றோருக்குக் கார் வாங்கிக் கொடுக்க விழைகின்றனர். அன்பின் மிகுதியால் அதிக தூரம் ஓடுவதையே தேர்வது இயல்பு. அவர்கட்கு நாம் கூறுவது: அம்மையும் அப்பரும் நாள்தோறும் எங்கெங்கே செல்கின்றனர் என முதலிற் கேளுங்கள். கல்லூரி மாணவரும் இதனை ஒரு பயிற்சியாக மேற்கொள்ளலாம். தம் வீட்டார் செல்லும் தூரத்தை ஒரு மாதம் நாட்குறிப்பில் எழுதி, மிக நீண்ட நாளைக் கண்டு, மேற்கூறிய கழிவுகளைச் சேர்த்துக் கணிப்பாராக. பல இலட்சம் ரூபாவைக் காக்கும் கணக்கு அதனுள் இருத்தல் கூடும்.