அக்கா பணத்துக்கு நான்தான் நாமினி, ஆனா வாரிசு யாரு?

"மேடம், அக்கா கணக்குல நான்தான் நாமினி. இப்போ அவங்க மாமியார் பணம் கேக்கறாங்க. குடுக்கணுமா?" போன மாசம் ஒரு தம்பி ஆபீசுக்கு வந்து கேட்டார்.

அக்காவோட கணவர் முன்பே இறந்துட்டார், குழந்தை இல்லை. அப்பா அம்மாவும் இல்லை. உயில் எழுதலை. சம்பளத்துல சேர்த்த எஃப்டி, மியூச்சுவல் ஃபண்ட், அப்பா வழியில வாரிசா வந்த ஒரு மனை, இவ்வளவுதான் சொத்து.

என் பதில்: எஃப்டியும் ஃபண்டும் மாமியாருக்கு. மனை உங்களுக்கு.

ஏன்? இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 ஒரு வரிசை வச்சிருக்கு. முன்னாடி நிக்கறவர் ஒருத்தர் இருந்தாலும் பின்னாடி இருக்கறவருக்கு ஒரு ரூபாய்கூட வராது.

இறந்தவர் ஆண் என்றால்:
1. மனைவி, பிள்ளைகள், அம்மா: சம பங்கு
2. இவங்க யாரும் இல்லைன்னா அப்பா
3. அப்பாவும் இல்லைன்னாதான் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை: சம பங்கு. கல்யாணமான சகோதரிக்கும் அதே பங்கு.

ஒரு அண்ணன் முன்பே இறந்திருந்தா? உடன்பிறந்தவங்க ஒருத்தராவது உயிரோட இருக்கும்வரை அந்த அண்ணன் பிள்ளைகளுக்குப் பங்கு இல்லை.

இறந்தவர் பெண் என்றால்:
1. கணவர், பிள்ளைகள்
2. கணவரின் வாரிசுகள்
3. அம்மா, அப்பா
4. அப்பாவின் வாரிசுகள். உடன்பிறந்தவங்க இங்கேதான் வர்றாங்க.

விதிவிலக்கு: பெற்றோர்கிட்ட இருந்து வாரிசா வந்த சொத்து, பிள்ளைகள் இல்லாதபோது அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பும். அதனாலதான் மனை தம்பிக்கு. சொந்தச் சம்பாத்தியத்துக்கு இந்த விதிவிலக்கு கிடையாதுன்னு 2009-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

அப்போ நாமினி? பணத்தை வாங்கி உரியவர்கிட்ட சேர்க்கறவர், அவ்வளவுதான். பங்கு முதலீடுகளுக்கும் இதே நிலைதான்னு 2023-ல சுப்ரீம் கோர்ட் உறுதி செஞ்சது.

(முஸ்லிம், கிறிஸ்தவர்களுக்குச் சட்டம் வேற.)

தீர்வு ரொம்ப எளிது: உயில். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். நீங்க கையெழுத்து போடணும், ரெண்டு சாட்சிகளும் போடணும். பதிவு கட்டாயமில்லை, செஞ்சா நல்லது. பயனடையறவரைச் சாட்சியா வைக்காதீங்க.

வயசு 28தானேன்னு தள்ளிப் போடாதீங்க. அந்த அக்காவும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க.